குட்டிப் பச்சோந்திக்கு எந்தக் கூண்டு: வலையா, கண்ணாடியா, இரண்டும் கலந்ததா?

பச்சோந்திக் குட்டி வாங்கத் தீர்மானித்த யாராவது என்னிடம் "வலைக்கூண்டு வாங்கவா, கண்ணாடித் தொட்டி வாங்கவா?" என்று கேட்டால் நான் திருப்பி ஒன்று கேட்பேன்: "கூண்டு வைக்கப்போகிற அறையில் ராத்திரி ஈரப்பதம் எவ்வளவு?" கேட்டவர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். ஆனால் அந்த எண் தெரியாமல் கூண்டு வாங்குவது, கால் அளவு பார்க்காமல் செருப்பு வாங்குகிற கதைதான்.

வலைக்கூண்டுக்குள் இருப்பது உங்கள் அறையின் காற்று. கண்ணாடித் தொட்டிக்குள் இருப்பது நீங்கள் உண்டாக்கி வைக்கிற காற்று. அறை ஏற்கெனவே குட்டிக்குத் தோதாக இருந்தால் வலை போதும். இல்லையென்றால் அறையின் குறையைக் கூண்டுதான் சரிக்கட்ட வேண்டும். எந்தக் கூண்டு உசத்தி என்று மணிக்கணக்கில் சண்டை போடுகிறவர்களில் பாதிப்பேர், தங்கள் அறைக்குப் பொருந்தியது ஊர் அறைக்கெல்லாம் பொருந்தும் என்று நினைக்கிறவர்கள்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என்னிடம் முதலில் வந்தது மூன்று மாத வெயில்ட் (veiled) ரகப் பச்சோந்தி, ஆண். "பச்சோந்தி என்றால் வலைக்கூண்டுதான்" என்று எல்லோரும் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, நாலு பக்கமும் வலை உள்ள கூண்டை வாங்கி, நாள் முழுக்க ஏசி ஓடும் அறையில் வைத்தேன். காலையும் மாலையும் இலைகள் சொட்டச் சொட்ட ஸ்பிரே அடித்தேன். அரைமணி நேரத்தில் எல்லாம் காய்ந்து போகும். பத்தாம் நாள்தான் உற்றுப் பார்த்தேன். உருண்டையாகத் துருத்திக்கொண்டிருந்த கண்கள் உள்ளே வாங்கி, விளிம்பில் குழி விழுந்திருந்தது. எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி ஆரஞ்சு நிறத்தில், குச்சியால் தொட்டதும் சுண்ணாம்புக் கட்டி மாதிரி உதிர்ந்தது. உடம்பில் நீர் வற்றியதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

கூண்டை மாற்றவில்லை. மூன்று பக்கமும் தடித்த பிளாஸ்டிக் ஷீட்டைக் கேபிள் டை போட்டுக் கட்டினேன். தண்ணீர் தெளிக்கும் நேரத்தைக் கூட்டினேன். ஒரு வாரத்தில் எச்சம் வெள்ளைக்குத் திரும்பியது. அன்றிலிருந்து "வலையா கண்ணாடியா" என்ற கேள்வியே எனக்குப் பாதிக் கேள்வியாகத்தான் தெரிகிறது.

முதலில் அறையை அளங்கள்

வயர் முனையில் சென்சார் உள்ள டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை, கூண்டு வரப்போகிற இடத்தில், வரப்போகிற உயரத்தில் ஒரு வாரம் வையுங்கள். உச்சி மதியத்தில் ஒருமுறை, விடிவதற்கு முன் ஒருமுறை வெப்பமும் ஈரப்பதமும் குறித்துக்கொண்டால் போதும். குட்டி வீட்டுக்கு வருவதற்கு முந்தைய வாரத்தில் செய்யத்தக்க வேலைகளில் இதற்கு இணையானது வேறில்லை.

குட்டிக்கு வேண்டியது ரகத்துக்கு ரகம் மாறும். வெயில்ட் பச்சோந்தியின் சொந்த இடம் ஏமனும் சவூதி அரேபியாவும். பகலில் 30 முதல் 50 சதவீத ஈரப்பதம் அதற்குப் போதும். ராத்திரி குளிர்ந்து, ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் ஏறுவது அதற்குச் சுகம். பாந்தர் பச்சோந்தி மடகாஸ்கரின் கரையோர ரகம், பகலிலும் கொஞ்சம் கூடுதல் ஈரம் கேட்கும். ஜாக்சன் பச்சோந்தி கென்யா, தான்சானியா மலைப்பகுதிகளைச் சேர்ந்தது. ராத்திரி நன்றாகக் குளிராவிட்டால் அது நாளடைவில் நலிந்துபோகும். மூன்றுக்கும் பொது: குட்டிப் பருவத்தில் விளக்கடி இடம் 27 முதல் 29 டிகிரி செல்சியஸ், மற்ற இடங்கள் 22 முதல் 25 வரை. வளர்ந்த ஆண் தாங்குகிற சூட்டைக் குட்டி தாங்காது. சின்ன உடம்பு சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் காயும்.

இங்கே ஒன்றை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். ராத்திரி ஈரம் நல்லது என்றால் குளிர்ந்த ஈரம் என்று பொருள். வெப்பமும் ஈரமும் சேர்ந்து, காற்றும் அசையாமல் நின்றால் நெஞ்சுச்சளி, மூச்சுத்தொற்று எல்லாம் வரிசை கட்டி வரும். ராத்திரியும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காத அறையில் பனிமூட்டம் போடும் ஃபாகர் கருவியை வைத்து, கூண்டையும் மூடி வைப்பது குட்டிக்கு நாமே வைக்கிற வினை.

வலைக்கூண்டு

அலுமினியச் சட்டம், நாலு பக்கமும் மேலும் வலை, முன்னால் கதவு, அடியில் தட்டு. எடை குறைவு, தனியொருவர் தூக்கி வெயில் படும் பால்கனியில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவரலாம் (பக்கத்திலேயே நின்று, பாதி நிழல் இருக்கும்படி). எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் அடியில் வடிந்துவிடும். காற்று நிற்காது. ஏற்கெனவே வெப்பமும் ஈரமுமாக இருக்கிற அறைக்கு இதைத் தவிர வேறு எதையும் நான் யோசிக்க மாட்டேன். அங்கே பிரச்சினை ஈரத்தைத் தேக்குவதில்லை, வெளியேற்றுவதுதான்.

வறண்ட அறையிலோ, ஏசி அறையிலோ, ஹீட்டர் ஓடும் குளிர்கால அறையிலோ இதே கூண்டு என் முதல் குட்டிக்குச் செய்ததைத்தான் செய்யும்.

வாங்கும்போது வலையைக் கையால் தடவிப் பாருங்கள். கொசுவலை மாதிரி மெத்தென்ற நார்வலையைச் சிள்வண்டுகள் கடித்துத் துளை போட்டு வெளியே வந்துவிடும். உங்கள் படுக்கையறையில் ராக் கச்சேரி ஆரம்பமானால் காரணம் அதுதான். விளிம்பு கூரான முரட்டுக் கம்பிவலையில் குட்டியின் நகம் மாட்டிப் பிய்ந்துவிடும். பச்சோந்தியின் பாதம் குறடு மாதிரி இரண்டாகப் பிளந்து கிளையைப் பற்றுவதற்கென்றே அமைந்தது. வலையில் ஏறும்போது ஒவ்வொரு நகமும் ஒவ்வொரு கண்ணியில் கொக்கி போடும். பூச்சு கொடுத்த, வழவழப்பான அலுமினிய வலையில் இந்தத் தொல்லை குறைவு. குட்டி ஓயாமல் வலையில் தொங்கிக்கொண்டிருந்தால் வலையைக் குறை சொல்வதற்கு முன் உள்ளே கிளை போதுமா என்று பாருங்கள். ஏறி நிற்க நல்ல கிளை இருக்கும்போது எதற்கு அது வலையில் தொங்கப்போகிறது?

இன்னொன்று, விளக்கு. மேல் வலை, விளக்கின் யுவிபி (புற ஊதா-பி) கதிரில் மூன்றில் ஒரு பங்கைத் தடுத்துவிடும். வலை நெருக்கமாக இருந்தால் இன்னும் கூடுதலாகவே. குழல் வடிவ டி5 விளக்கு, 5 அல்லது 6 சதவீத யுவிபி, வலைமேல் வைத்தது என்றால், குட்டியின் முதுகுக்கும் வலைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி வரும்படி மேல்கிளையைக் கட்டுங்கள். அங்கே யுவி குறியீடு 3 அளவில் கிடைத்தால் சரி. விளக்குக் கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். யுவி அளவுமானி யாரிடமாவது இருந்தால் ஒருநாள் இரவல் வாங்கிப் பார்த்துவிடுவது நல்லது.

கண்ணாடித் தொட்டி

முதலில் ஒரு விலக்கு. மீன் தொட்டி இந்தப் போட்டியிலேயே இல்லை. உயரத்தைவிட நீளம் அதிகம், காற்று அடியில் தேங்கும், கையை மேலிருந்துதான் விட வேண்டும். மேலிருந்து வருகிற எதுவும் குட்டிக்குப் பருந்துதான். தினமும் மூன்று வேளை பருந்து வந்தால் எந்தக் குட்டி சாப்பிடும்?

நான் சொல்வது முன்பக்கம் கதவு திறக்கிற, கதவுக்குக் கீழே காற்றுப்பட்டை உள்ள, மேலே வலை மூடிய நிமிர்ந்த தொட்டி. விளக்குச் சூட்டில் காற்று மேலே எழும்பி வெளியேற, கீழ்ப்பட்டை வழியாகப் புதுக் காற்று உள்ளே வரும். அடுப்புப் புகைபோக்கி வேலை செய்கிற அதே முறைதான். "கண்ணாடி என்றாலே காற்றோட்டம் கிடையாது, குட்டி செத்துவிடும்" என்று சொல்பவர்கள் இந்த வகைத் தொட்டியைப் பார்க்காதவர்கள். வறண்ட, குளிர்ந்த அறைகளில் இதில் தழைத்து வளரும் பச்சோந்திகள் ஏராளம்.

குட்டிக்கு இதில் தனிச் சௌகரியம் ஒன்று உண்டு. அதற்குப் போடுகிற பழ ஈயும் கடுகளவு சிள்வண்டும் வலைக்கண்ணி வழியாகத் தப்பிவிடும். கண்ணாடியில் தப்ப வழி குறைவு. காலையில் தெளித்த தண்ணீர் இலை நுனியில் ஒரு மணி நேரம் தங்கும். பச்சோந்திக்குக் கிண்ணத்துத் தண்ணீர் பெரும்பாலும் கண்ணிலேயே படாது. இலையில் தொங்கும் சொட்டு மினுங்கினால்தான் நாக்கு நீளும். ஆகவே சொட்டு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது அதற்குத் தாகம் தீர்கிற கணக்கு.

இதன் ஆபத்து சூடு. 45 செ.மீ உயரமுள்ள குட்டித் தொட்டிமேல் ஒரு சூட்டு விளக்கை வைத்தால், அரைமணியில் மேல், நடு, கீழ் மூன்றும் ஏறக்குறைய ஒரே வெப்பத்துக்கு வந்துவிடும். பச்சோந்தி தன் உடல் வெப்பத்தைச் சமாளிப்பது இடம் மாறித்தான். மாறிப் போக குளிர்ந்த இடமே இல்லாத பெட்டியில் அது என்ன செய்யும்? வாயைத் திறந்து, நிறம் வெளுத்து, அடித்தட்டில் போய்ப் படுத்திருக்கும். வலைக்கூண்டில் சிறுபிழை பொறுக்கும். கண்ணாடியில் ஒரு மதியத்திலேயே காரியம் கெட்டுவிடும்.

பிரதிபலிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளே விளக்கு, வெளியே இருட்டு என்றால் கண்ணாடி முகம் காட்டும். சில குட்டிகள் அதைப் பார்த்து உடம்பை ஊதி, தட்டையாக்கி, கரும்பட்டை காட்டும், சில கண்டுகொள்ளாது. மூன்று பக்கத்துக்கு வெளியே அட்டை ஒட்டி, உள்ளே கார்க் பட்டை அல்லது கொடியை ஏற்றிவிட்டால் இந்தச் சண்டை தீரும். தீராத சங்கடம் வடிகால். தொட்டியின் அடி மூடியது. தெளித்ததெல்லாம் அங்கேதான் நிற்கும். ஒன்று அடியில் துளை போட்டு வாங்க வேண்டும். அல்லது கூழாங்கல் அடுக்கு, மேலே மண், அதில் செடி, கழிவைத் தின்னும் நுண்பூச்சிகள் என்று ஒரு சின்னக் காட்டையே அமைக்க வேண்டும். செய்தால் அழகு. முதல் பச்சோந்தியோடு சேர்த்து முதல் காட்டையும் ஒரே மாதத்தில் சமாளிப்பேன் என்கிறவரை நான் தடுக்க மாட்டேன், சிபாரிசும் செய்ய மாட்டேன்.

இரண்டும் கலந்தது

பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் மூடியது, முன்னாலும் மேலேயும் வலை. பிவிசி பலகையில் ஆயத்தமாகவும் வருகிறது. வலைக்கூண்டு வாங்கி மூன்று பக்கம் ஷீட் கட்டியும் செய்துகொள்ளலாம். நான் இன்றைக்குக் கைகாட்டுவது இரண்டாவதைத்தான். காரணம் அழகு இல்லை, மாற்றிக்கொள்ளும் வசதி. வறண்ட மாதங்களில் மூன்று ஷீட்டும் இருக்கட்டும். ஈரக்காற்று வீசத் தொடங்கினால் ஒன்றைக் கழற்று. புழுக்கம் என்றால் மூன்றையும் கழற்று. ஏசி போட்ட அறைக்கும் ஜன்னல் திறந்த அறைக்கும் ஒரே கூண்டு ஈடுகொடுக்கும்.

எதிர்பாராத லாபமும் உண்டு. மூன்று பக்கமும் மறைந்ததும் குட்டிக்கு உலகம் ஒரு பக்கத்திலிருந்துதான் வரும். பச்சோந்தியின் கண்கள் தனித்தனியே சுழலும்; நாலு பக்கமும் வலை என்றால் ஒரு கண் எப்போதும் யாரோ நடக்கிற பக்கம்தான் திரும்பியிருக்கும். என் குட்டி ஷீட் கட்டிய இரண்டாம் நாளே முன்கிளைக்கு வந்து உட்கார்ந்தது. அதற்கு முன் பத்து நாளும் மணி பிளாண்ட் இலைக்குப் பின்னால் வாலை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது.

ஷீட் ஒளி ஊடுருவுவதா, ஊடுருவாததா? அடுத்த கூண்டில் இன்னொரு பச்சோந்தி இருந்தால் கட்டாயம் ஊடுருவாதது. இன்னொன்று கண்ணில் படுவதே இவற்றுக்கு நெருக்கடி. கூடப் பிறந்தவை என்றாலும் மூன்று மாதம் தாண்டினால் தனித்தனிக் கூண்டுதான். "இரண்டு சேர்ந்திருந்தால் துணை" என்பது மனிதக் கணக்கு.

சின்னதில் தொடங்கவா, பெரியதிலேயே விடவா?

இதுதான் நிஜமாகவே இரண்டு பக்கமும் நியாயம் உள்ள கேள்வி. வளர்ந்த ஆண் வெயில்டுக்கும் பாந்தருக்கும் வழக்கமாகச் சொல்லும் அளவு அகலம் 60, ஆழம் 60, உயரம் 120 செ.மீ. சற்றுச் சிறிய பெண்ணுக்கு 45க்கு 45க்கு 90 என்பதைக் குறைந்தபட்சமாகச் சொல்வார்கள். குட்டிக் கூண்டு என்று விற்பது ஏறக்குறைய 40க்கு 40க்கு 75.

சின்னதில் தொடங்கச் சொல்பவர்களின் வாதம்: பெரிய கூண்டில் குட்டி இரையைக் கண்டுபிடிக்காது, பட்டினி கிடக்கும், நாமும் குட்டியைத் தேடிக் கண்டுபிடிக்கவே அரைமணி ஆகும். இரண்டாம் பாதி முழு உண்மை. விரல் நீளக் குட்டி இலைக்குள் ஒளிந்தால் அது சாப்பிட்டதா, எச்சம் போட்டதா, கண் விழித்திருக்கிறதா என்று தினமும் பார்ப்பது கஷ்டம். முதல் பாதிக்கு மருந்து இருக்கிறது: விளக்குக்குக் கீழ்க்கிளை ஓரமாக ஒரு வழவழப்பான கிண்ணத்தைக் கட்டி, பூச்சியை அதில் மட்டும் போடுங்கள். பூச்சி ஏறி வராது, குட்டி இரண்டு மூன்று நாளில் இடத்தைப் பழகிக்கொள்ளும். நாக்கோ உடல் நீளத்தையும் தாண்டிப் பாய்வது. இரையின் அளவு மட்டும் குட்டியின் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள அகலத்தைத் தாண்டக் கூடாது.

பெரியது வேண்டும் என்பவர்களின் வாதம் எனக்கு வலுவாகப் படுகிறது. உயரம் இருந்தால்தான் மேலே 28, கீழே 22 என்று வெப்பப் படிக்கட்டு அமையும். 120 செ.மீ கூண்டில் விளக்கு தவறிப்போய் ஓரிரு டிகிரி கூடினாலும் குட்டி நாலு கிளை கீழே இறங்கிவிடும். கூடவே, வெயில்ட் பச்சோந்தி ஒரு வருடத்துக்குள் ஏறக்குறைய முழு வளர்ச்சியை எட்டிவிடும். குட்டிக் கூண்டு ஆறு மாதத்தில் காலியாகி மாடிப்படிக்கடியில் போகும். கூண்டு மாறும்போது பழகிய கிளையும் தெரிந்த மூலையும் போய், சில நாள் சாப்பிடாமல் முறைத்துக்கொண்டிருப்பதும் நடக்கும்.

என் முடிவு இது. மூன்று மாதம் நிறையாத குட்டி என்றால் சின்னது, மறுபேச்சில்லை. மூன்று மாதம் தாண்டி, தானாகச் சாப்பிட்டு, இரை மேல் குறி தப்பாமல் நாக்கு வீசுகிற குட்டி என்றால் நேராகப் பெரிய கூண்டு, ஆனால் நிறையச் செடி போட்டு. வெறும் பெரிய கூண்டு குட்டிக்குப் பொட்டல்காடு. மணி பிளாண்ட், ஷெஃப்லெரா, செம்பருத்தி எல்லாம் நன்றாகத் தாங்கும். வெயில்ட் பச்சோந்தி இலையையே கடித்துத் தின்னும் என்பதால் மருந்தடித்த செடியை உள்ளே விடக் கூடாது. கிளைகள் குட்டியின் பிடிக்குள் அடங்கும் பருமனில், பென்சில் அளவில் இருக்கட்டும்; தடித்த கிளைகளைப் பிற்பாடு சேர்க்கலாம்.

சின்னக் கூண்டு ஏற்கெனவே கையில் இருக்கிறதா? தூக்கிப் போட வேண்டாம். பெரியதைக் கழுவுகிற நாளிலும், உடம்பு சரியில்லாத காலத்தில் தனியே வைத்துக் கவனிக்கவும் அது உதவும்.

பிளாஸ்டிக் டப்பாவில் வளர்ப்பது முட்டையிலிருந்து பொரித்த குஞ்சுகளை ஏராளமாகக் கையாளும் பண்ணைக்காரர்களின் முறை. ஒற்றைக் குட்டிக்கு அது வேண்டாம். கூண்டே இல்லாமல் அறையில் மரம் வைத்துத் திறந்து விடுவது வளர்ந்த பச்சோந்திக்குச் சில வீடுகளில் ஒத்துவருகிறது. குட்டியை அப்படி விட்டால் முதல் வேலை அதைக் காலுக்கடியில் தேடுவதாக இருக்கும். பழைய கூண்டு மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், ஆனால் பழைய கிளைகளையும் செடிகளையும் வேண்டாமென்று சொல்லிவிட்டு, சட்டத்தைக் கிருமிநாசினியில் ஊறவைத்துக் கழுவிக் காயவிட்ட பிறகே குட்டியை விடுங்கள். குடல் ஒட்டுண்ணிகள் மரத்திலும் மண்ணிலும் நெடுநாள் தங்கும்.

தரையில் மண்ணோ மரத்தூளோ தூவ வேண்டாம். குட்டி பூச்சியோடு சேர்த்து அதையும் விழுங்கும். காட்டு அமைப்பு செய்யாத வரைக்கும் வெறுந்தட்டுதான் நல்லது. கூண்டை மேசைமேல் ஏற்றி வையுங்கள். மேல்கிளை உங்கள் கண்மட்டத்துக்கு மேலே வரவேண்டும். மனிதர்களைக் கீழே குனிந்து பார்க்கிற உயரத்தில்தான் பச்சோந்திக்குத் தைரியம்.

இதெல்லாம் கூண்டிலேயே முட்டையிலிருந்து பொரித்து வளர்ந்த குட்டிக்கு. வேலியில் கண்ட காட்டுப் பச்சோந்தியைப் பிடித்து வந்து கூண்டு கேட்பவருக்கு என் பதில் வேலியைத் திருப்பிக் காட்டுவதுதான். பல நாடுகளில் அது குற்றமும்கூட.

வாங்குவது பெண் குட்டி என்றால் இன்னொரு அளவெடுப்பு பாக்கி. பெண் வெயில்ட் ஆண் துணை இல்லாமலே ஆறு மாதத்தை ஒட்டி முட்டையிடத் தொடங்கலாம். தோண்டி இட ஈரமணல் கிடைக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கு உலை வைக்கும். சாணுக்கு மேல் ஆழமாக, 30 செ.மீ வரை ஈரமணல் நிரப்பிய ஒரு தொட்டி கூண்டின் அடியில் உட்கார வேண்டும். அதற்கு மேலும் குட்டி ஏறித் திரிய உயரம் மிஞ்ச வேண்டும். கடையில் கூண்டைப் பார்க்கும்போது ஒரு வாளியையும் மனதுக்குள் அடியில் வைத்துப் பாருங்கள். 45 செ.மீ அகலக் கூண்டில் வாளி வைத்தால் மீதி இடம் எவ்வளவு என்று தெரிந்ததும், நான் என் இரண்டாவது குட்டிக்கு 60 செ.மீ கூண்டைத்தான் தூக்கி வந்தேன். ஷீட்டும் கேபிள் டையும் பழையதே.